கதவில் தொங்கும் காலண்டர் அட்டை

இந்த வாரம் நேயர்களுக்கு ஒரு கைவேலை சொல்லிக் கொடுப்பதென்று தீர்மானித்திருக்கிறோம். பயப்பட வேண்டாம். உளி, ரம்பம், சம்மட்டி ஒன்றும் வேண்டியதில்லை. போன வருஷத்துத் தினசரிக் காலண்டரின் அட்டை ஒன்று, சட்டைப் பொத்தான் இரண்டு, இரண்டு முழம் சணல் கயிறு, குழந்தைகள் எழுதும் வர்ணப் பேனா, ஒரு கரண்டி மைதாவில் காய்ச்சிய பசை, இவ்வளவுதான் மூலதனம். செய்து முடிக்க அரை மணி நேரம் போதும். ஆனால் அதைச் சரியாகச் செய்வதற்கு நமக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. அது ஏன் என்பதையும் சொல்லத்தான் போகிறோம்.

அட்டை எதற்கென்றால், வீடியோ காலில் வகுப்போ, கூட்டமோ, நேர்முகப் பரீட்சையோ நடக்கும்போது, 'இப்போது உள்ளே வர வேண்டாம்' என்று வீட்டாருக்குத் தெரிவிப்பதற்காக. அறைக் கதவின் வெளிப்புறத்தில் ஓர் ஆணியில் தொங்கும். பார்த்தால் அற்பமான பொருள். எட்டணா பெறாது. ஆனால் இந்த அற்பப் பொருள் இல்லாமல் நாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. இருந்த பிறகு பட்ட பாடு அதைவிடப் பெரியது.

தஞ்சை ஜில்லாப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குக் 'காமரா உள்' என்றால் தெரியும். ரேழியைக் கடந்து, கூடத்துக்குள் நுழையும் முன், பக்கவாட்டில் இருக்கும் சிறிய அறை அது. காமரா என்பது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். அறை என்றே அதற்கு அர்த்தம். படம் பிடிக்கும் காமிராவுக்கும் மூலம் அதே லத்தீன் சொல்தான். முன்னாளில் இருட்டறையின் சிறு துவாரம் வழியே வெளிக்காட்சியைச் சுவரில் விழச் செய்து பார்த்தார்கள். அந்த இருட்டறையின் பெயர் பிறகு கருவிக்கு ஒட்டிக் கொண்டது. நம் வீட்டுக் காமரா உள்ளில் காமிரா வந்து உட்கார்ந்தது 2020-ஆம் வருஷத்தில். பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பெண்ணைப் போல அது சட்டமாக அங்கே தங்கி விட்டது.

அந்த வருஷம் மார்ச்சு மாத மத்தியில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும், பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மறுபடி பள்ளிக்கூடத்தில் கூடுவதற்கு 2021 ஜனவரி 19-ந் தேதி ஆனதும் எல்லோரும் அறிந்தது. இடைப்பட்ட மாதங்களில், கணக்கு உபாத்தியாயராகிய நாம், கரும்பலகையைச் சுவரில் சாய்த்து வைத்து, புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கைப்பேசியை நிறுத்தி, பாடம் நடத்தினோம். ஒரு நாள் தேல்ஸ் தேற்றம். முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக ஒரு நேர்கோடு வரைந்தால், அது மற்ற இரண்டு பக்கங்களையும் சம விகிதத்தில் பிரிக்கும் என்று நிரூபித்துக் கொண்டிருந்தோம். மாணாக்கர்கள் வழக்கத்துக்கு விரோதமாக அவ்வளவு கவனத்துடன் பார்த்தார்கள். சிலருடைய கண்கள் அகல விரிந்தன. பாடம் வெகு நன்றாக நடக்கிறது என்று நமக்குள் ஓர் அகந்தை. திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. நம் சித்தப்பா, ஸ்நானம் முடித்து, இடுப்பில் ஈரத் துண்டு ஒன்றுடன், மாடத்தில் திருநீற்றுச் சம்புடத்தைத் தேடிக் கொண்டிருந்தார். வகுப்பில் அன்று 42 பேர் ஆஜர்.

அந்தச் சமயத்தில் நமக்கு ஆறுதலாக இருந்தவர் தென் கொரியாவின் பூசான் தேசியப் பல்கலைக்கழகத்து அரசியல் பேராசிரியர் ராபர்ட் கெல்லி. 2017 மார்ச்சு 10-ந் தேதி, அந்த நாட்டு ஜனாதிபதி பார்க் குன் ஹே பதவியிலிருந்து நீக்கப்பட்ட செய்தியைப் பற்றி, அவர் தம் வீட்டிலிருந்தபடியே பி.பி.ஸி.க்குப் பேட்டி அளித்தார். பின்னால் கதவு திறந்தது. மஞ்சள் சட்டைப் பெண் குழந்தை கைகளை வீசிக் கொண்டு ராணி போல் நடந்து வந்தது. அதன் பின்னே நடைவண்டியில் கைக்குழந்தை உருண்டு வந்தது. இருவருக்கும் பின்னால் தாயார் வழுக்கிக் கொண்டு ஓடி வந்து, இரண்டையும் வாரி இழுத்துப் போய், மறுபடி மண்டியிட்டு வந்து கதவைச் சாத்தினார். உலகம் முழுவதும் இதைப் பார்த்துச் சிரித்தது. பார்த்தவர்களில் பலர் அந்த அம்மாளை வீட்டு ஆயா என்று நினைத்தார்கள் என்பது சிரிப்புக்கு உரியதல்ல. அது வேறு விஷயம். வழக்கமாகக் கதவைத் தாழிடுவதாகவும், அன்று மட்டும் மறந்து விட்டதாகவும் பேராசிரியர் பிறகு சொன்னார். தாழ்ப்பாள் இருக்கும்போது அட்டை எதற்கு என்று கேட்கும் நேயர்கள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் உட்புறம் தாழிட்டுக் கொண்டு மணிக்கணக்கில் இருப்பது உசிதமா என்று யோசித்துப் பார்க்கட்டும்.

இதில் நம் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி புதிதல்ல. 1936-லேயே ஜெர்மனியில் பெர்லினுக்கும் லைப்ஸிக்குக்கும் இடையே அது நடைபெற்றது. ஆனால் பேச விரும்பியவர்கள் அதற்கென்று தபாலாபீஸ்காரர்கள் அமைத்திருந்த சிறு கூண்டுக்குப் போக வேண்டும். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கர்கள் காட்டிய படத் தொலைபேசிக்கும் முதலில் பொதுக் கூண்டுகள்தான். 1970-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் தருகிறோம் என்று மாதம் 160 டாலர் விலை வைத்தார்கள். வாங்க ஆள் இல்லை. விலை ஒரு காரணம். வீட்டில் இருக்கும் கோலத்தைப் பிறர் பார்ப்பதை யார் விரும்புவார்கள் என்பது மற்றொன்று. அதாவது, அந்த நாட்களில் பேசுகிறவன் எழுந்து கூண்டுக்குப் போனான். இப்போது கூண்டு எழுந்து நம் வீட்டுக்கு வந்து விட்டது. கதவு, சுவர், காவலாள் இவற்றை மட்டும் அது கொண்டு வரவில்லை. காவலுக்கு வீட்டிலுள்ளவர்களே நிற்க வேண்டியிருக்கிறது. சம்பளமின்றி, மூச்சுக் காட்டாமல்.

நம் முதல் அட்டையைப் பற்றிச் சொல்லவே வெட்கமாயிருக்கிறது. ஒரு நோட்டுத் தாளில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதிக் கதவில் ஒட்டினோம். ஹோட்டல் அறைகளில் தொங்கும் அட்டையிலிருந்து எடுத்த வாசகம். அன்று மத்தியானம் சாப்பிடும்போது நம் தாயார் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் விடும்போது மட்டும் கேட்டாள்: "நான் தொந்தரவா தம்பி?"

ஹோட்டலில் அந்த வாசகம் செல்லுபடியாகும். அங்கே தங்குகிறவன் பணம் கொடுத்தவன். வெளியே நிற்கிறவர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர். தாம் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில், தாம் பெற்ற பிள்ளை, தாம் கோலம் போட்டுத் துலக்கிய வாசற்படிக்கு உள்ளே, 'தொந்தரவு' என்று எழுதி ஒட்டுவது எப்படி இருக்கும்? பன்மையில் எழுதி விட்டோம், மரியாதைக் குறைவு இல்லை என்று நாம் வாதாடியது இலக்கணத்துக்குச் சரி, தாயாருக்குச் சரியல்ல. 2017-ல் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரத்து ஹோட்டல் அறை ஒன்றிலிருந்து ஒருவன் கூட்டத்தைச் சுட்டுப் பலரைக் கொன்றான். அதற்கு அப்பால், டிஸ்னி கம்பெனியாரின் சில ஹோட்டல்களில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்னும் அட்டையை எடுத்து விட்டு, 'அறையில் ஆள் இருக்கிறது' என்று மாற்றினார்கள். அட்டை தொங்கினாலும் சிப்பந்திகள் கதவைத் தட்டி உள்ளே வரலாம் என்றும் விதி செய்தார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது வாசகத்தின் நாகரிகம் மட்டும்தான் நமக்குப் பிடித்திருந்தது. பின்னால் இருந்த விதியின் அருமை அப்போது தெரியவில்லை.

நம் நாட்டாருக்கு இந்தக் கலை தெரியாதா? கோயிலில் நைவேத்தியத்துக்கும் அலங்காரத்துக்கும் சந்நிதியில் திரை போடுகிறார்கள். அந்தத் திரையில் ஒரெழுத்தும் கிடையாது. ஆனாலும் ஆயிரம் பேர் வெளியே கைகூப்பிக் காத்திருக்கிறார்கள். எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தால், உள்ளே அம்மை கண்டிருக்கிறது, நுழைய வேண்டாம் என்று அர்த்தம். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவித்த பிறகும், சின்னம்மைக்கு இன்றைக்கும் அந்தக் கொத்துத்தான் விளம்பரப் பலகை. விடிந்து வெகு நேரமாகியும் வாசலில் கோலம் இல்லையென்றால், தெருவில் போகிறவர் குரலைத் தாழ்த்திக் கொண்டு, "என்ன விசேஷம்?" என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார். இவற்றில் எதுவும் 'வராதே' என்று சொல்வதில்லை. உள்ளே நடப்பது இன்னது என்று தெரிவிக்கிறது. மற்றதை வருகிறவரின் விவேகத்துக்கு விட்டு விடுகிறது. அதோடு, திரை எப்போது விலகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். மணி அடித்தால் விலகும்.

இந்த ஞானோதயத்தின் பேரில் பிறந்ததே இரண்டாவது அட்டை. அதைச் செய்யும் முறையை இனிச் சொல்லுகிறோம். பென்சில் எடுத்துக் கொள்ளலாம்.

தினசரிக் காலண்டர் அட்டையைவிட இதற்கு ஏற்ற பொருள் கிடையாது. கனமாக இருக்கிறது, வளைவதில்லை, தொங்க விடத் துவாரம் முதலிலேயே இருக்கிறது. தேதித் தாள்களைப் பிடித்திருந்த கம்பிகளைக் கத்தியின் முனையால் நெம்பி எடுத்து விட வேண்டும்; இல்லாவிட்டால் விரலைக் கிழிக்கும். ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. நம் வீட்டில் அகப்பட்ட முதல் காலண்டரில் முருகன் படம். பின்புறத்து வெற்றுப் பக்கத்தில் எழுதித் தொங்க விட்டால், சுவாமி கதவைப் பார்த்துக் கொண்டு நிற்பார். தாயார் கண்டிப்பாக மறுத்து விட்டாள். மருந்துக் கடைக்காரர் கொடுத்த மற்றொரு காலண்டரில் நீர்வீழ்ச்சி ஒன்று விழுந்து கொண்டிருந்தது. அதுவே தக்கதாயிற்று. நீர்வீழ்ச்சி வெளியே தெரிந்தால் யாரும் வரலாம். எழுத்துப் பக்கம் தெரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது. சிவப்பு ஒரு பக்கமும் பச்சை ஒரு பக்கமும் பூசலாமே என்று நம் வீட்டம்மாள் சொன்னாள். ஆண்பிள்ளைகளில் சிலருக்கு அந்த இரண்டு நிறங்களும் வித்தியாசமாகத் தெரிவதில்லை. வகுப்பறையில் நாமே பார்த்திருக்கிறோம். நீர்வீழ்ச்சியையும் எழுத்தையும் குழப்பிக் கொள்பவர் கிடையாது.

வெற்றுப் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டும். பசையில் பூச்சி அரிக்காமலிருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். நாம் சேர்க்கவில்லை, இரண்டே மாதத்தில் அட்டையின் ஓரத்தைக் கரப்பான் கொறித்து விட்டது. மறுபடி ஒட்டினோம். அதனால் என்ன?

தாளின் மேல் பாதியில், 'வகுப்பு நடக்கிறது' என்று ஒரு விரல் கனத்தில் எழுத வேண்டும். கண்ணில் புரை வளர்ந்தவர்களும் நாலடி தூரத்திலிருந்து படிக்கும்படி இருக்கட்டும். கீழ்ப் பாதியில் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து கொள்ள வேண்டும். கடிகார முகத்தைப் பன்னிரண்டாகப் பிரிப்பதற்குக் கோணமானி வேண்டியதில்லை. வட்டத்தின் ஆரத்தைக் கவராயத்தில் எடுத்துக் கொண்டு பரிதியில் வைத்துக் கொண்டே போனால், சரியாக ஆறு தடவையில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும். ஆறையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் பன்னிரண்டு. கணக்கு வாத்தியாருக்கு இதில் உண்டாகும் ஆனந்தத்தை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

முள் ஒன்றே போதும். நம் கூட்டங்கள் முழு மணியிலோ அரை மணியிலோதான் முடிகின்றன. பத்தரை என்றால் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் முள்ளை நிறுத்த வேண்டியது. செருப்புப் பெட்டி அட்டையில் முள்ளை வெட்டி, முன்னால் ஒரு பொத்தான், பின்னால் ஒரு பொத்தான் வைத்து நூலால் தைத்து விடலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போவார்கள். தையல் இறுகினால் முள் அசையாது. தளர்ந்தாலோ, எந்த மணிக்கு வைத்தாலும் தானே நழுவிக் கீழே ஆறு மணிக்கு வந்து தொங்கும். நாம் சாயங்காலம் ஆறு மணி வரையில் பாடம் நடத்துகிறோம் என்று நினைத்து, சித்தப்பா ஒரு நாள் முழுவதும் திருநீறில்லாமல் இருந்தார். பழைய சைக்கிள் டியூபில் ஒரு காசளவு ரப்பரை வெட்டி முள்ளுக்கும் அட்டைக்கும் நடுவில் வைத்துத் தைத்தோம். அதிலிருந்து வைத்த இடத்தில் நிற்கிறது.

அட்டையால் ஆகாத காரியங்களும் உண்டு. குக்கரின் விசிலை அது நிறுத்தாது. பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவரின் ஒலிபெருக்கி அட்டையைப் படிப்பதில்லை. அதற்கெல்லாம் ஒலிவாங்கியை அமுக்கி வைப்பதுதான் உபாயம். மேலும், வகுப்பு முடிந்ததும் அட்டையைத் திருப்ப மறந்தால், ஒரு வாரத்தில் அதை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். புலி வருகிறது என்று கத்திய பையன் கதைதான்.

ஆனால் நம் வீட்டில் நேர்ந்தது இதற்கு நேர் விரோதம். அட்டையை ஒருவர் அளவுக்கு மேல் மதித்தார்.

பொதுப் பரீட்சை நெருங்கும் காலங்களில், சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்காக, சனிக்கிழமை காலையில் வீட்டிலிருந்தபடியே ஒன்பதரை முதல் பத்தரை வரையில் வீடியோவில் விசேஷ வகுப்பு நடத்துகிறோம். அந்தச் சனிக்கிழமை வீட்டம்மாள் உத்தியோகத்துக்குப் போயிருந்தாள். பெண் காலேஜுக்குப் போயிருந்தாள். சித்தப்பா ஊரில் இல்லை. நம் தாயாருக்கு வயது 78, நீரிழிவு உண்டு. வழக்கம்போல் மாத்திரையை விழுங்கி விட்டு, இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றியிருக்கிறாள். காஸ் தீர்ந்து அடுப்பு அணைந்து விட்டது. சிலிண்டர் மாற்றுவது அவளால் ஆகாத காரியம். நம்மைக் கூப்பிடலாமென்று காமரா உள்ளின் வாசலுக்கு வந்தாள். அட்டை தொங்கிற்று. முள் பத்தரையில் நின்றது. கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து அடிக்க ஐந்து நிமிஷம். அரை மணிதானே என்று எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கொண்டாள்.

உள்ளே நாம் திரிகோணமிதியில் இருந்தோம். கோபுரத்தின் உயரத்தை, நிழலையும் ஏற்றக் கோணத்தையும் கொண்டு கண்டுபிடிக்கும் கணக்கு. பின் பெஞ்சுப் பையன் ஒருவன், அந்த வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு நல்ல கேள்வி கேட்டான். உபாத்தியாயருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பத்தரை ஆனது தெரியவில்லை. பத்தே முக்காலும் தெரியவில்லை. பத்து ஐம்பத்தைந்துக்குக் கதவைத் திறந்தோம்.

தாயார் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது. கைகள் நடுங்கின. நம்மைப் பார்த்து ஏதோ சொன்னாள், வார்த்தை குழறிற்று. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 52 என்று காட்டிற்று. 70-க்குக் கீழே இறங்கினாலே அபாயம் என்பார்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினோம். கால் மணி கழித்து மறுபடி பார்த்தோம், 84. அதன் பிறகுதான் நமக்குக் கால் ஊன்றி நிற்க முடிந்தது. எதிர் வீட்டிலிருந்து சிலிண்டரைத் தூக்கி மாட்ட ஒரு பிள்ளை வந்தான். இட்லி வெந்தது. நாலு இட்லி சாப்பிட்ட பிறகு தாயார் தெளிந்தாள்.

"கதவைத் தட்டியிருக்கலாமே, அம்மா!" என்றோம். குரல் சற்று ஓங்கித்தான் வந்தது. தப்பு நம்முடையது என்று தெரியும்போது அப்படித்தான் வருகிறது.

"தட்டக் கூடாதுன்னுதானே மாட்டி வச்சிருக்கே?" என்றாள். பிறகு, குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், "முள்ளு பத்தரையிலதானே இருந்துச்சு தம்பி. வந்துடுவேன்னு உக்காந்திருந்தேன். வெயிலுக்குத் தலை சுத்துதுன்னு நெனச்சேன்" என்றாள்.

'தொந்தரவு' என்ற சொல்லை எடுத்து விட்டோம் என்று நாம் பெருமைப்பட்டுக் கொண்டிருந்தோம். எழுத்தைத்தான் எடுத்திருக்கிறோம். அவள் கண்ணுக்கு அது அப்படியே இருந்திருக்கிறது. முள்ளை வைத்தவர்கள் நாம். அதை நம்பியவள் அவள். இருபத்தைந்து நிமிஷம் அந்தக் காகித முள் பொய் சொல்லிக் கொண்டிருந்தது. அதைச் சொல்ல வைத்தது நம் பாடம் நடத்தும் ஆசை. மாணாக்கர்களுக்கு மணி அடித்த பிறகு ஒரு நிமிஷம் அதிகம் உட்காரச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். நாமும் அதற்காக அவர்களைக் கோபித்திருக்கிறோம்.

வைத்தியரிடம் போனோம். மாத்திரையின் அளவைக் குறைத்தார். ஆகாரம் தயாராகித் தட்டில் விழுந்த பிறகே மாத்திரை என்று வேளையையும் மாற்றிக் கொடுத்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு டப்பியில் சர்க்கரையும் ஒரு செம்பில் தண்ணீரும் இருக்கின்றன. அட்டையின் முள் காட்டும் மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நம் கைப்பேசி கூவுகிறது. எவ்வளவு நல்ல கேள்வியானாலும் திங்கட்கிழமைக்கு ஒத்திப் போடுகிறோம்.

அட்டையையும் மாற்றினோம். நம் பெண், 'பாட்டி எப்போதும் வரலாம்' என்று கீழே அழகாக எழுதி வைத்தாள். பாட்டியோ அதை அழிக்கச் சொல்லி விட்டாள். "எனக்கு மட்டும் எதுக்குடி தனியா? நோயாளின்னு போர்டு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வெகு நேரம் யோசித்தோம். கடைசியில், பெண் சிறு வயதில் நாட்டியம் கற்றபோது கட்டிய சலங்கை பரணில் கிடைத்தது. அதில் ஐந்தாறு மணிகளைச் சேர்த்துக் கட்டி, அறைக்கு உள்ளே ஆணியில் தொங்க விட்டோம். அதிலிருந்து ஒரு சணல் கயிறு, பழைய பூட்டின் சாவித் துவாரம் வழியாக வெளியே வருகிறது. நுனியில் ஒரு மரப் பொம்மைச் செப்பு. அட்டையில் கயிற்றுக்கு நேரே, 'அவசரம் என்றால் இழுக்கவும்' என்று எழுதியிருக்கிறது.

எது அவசரம் என்பதில் குடும்பத்தில் ஒரு மகாநாடு நடந்தது. அடுப்பு, ரத்தம், மயக்கம், கீழே விழுதல் ஆகியவை ஏகமனதாக நிறைவேறின. கையொப்பம் கேட்கும் தபால்காரர் கொஞ்சம் விவாதத்துக்குப் பிறகு நிறைவேறினார். சித்தப்பா கொண்டு வந்த திருநீற்றுச் சம்புடத் தீர்மானம் தோற்றது. சம்புடத்தைக் கூடத்துக்கு மாற்றுவதாகச் சமாதானம் செய்து கொண்டோம். தாயார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றைப் பார்த்துக் கொண்டே இருந்தாள். இழுப்பாளா என்பதுதான் நம் கவலை. பெஞ்சில் அரை மணி உட்காரத் துணிந்தவள், கயிற்றை இழுக்கத் துணிய வேண்டுமே.

அடுத்த சனிக்கிழமை. வட்டத்தின் தொடுகோடு. 38 பிள்ளைகள். பத்தேகாலுக்குச் சலங்கை கலீரென்று குலுங்கிற்று. சுண்ணாம்புக் கட்டி கையிலிருந்து விழுந்து உடைந்தது. நாற்காலியைத் தள்ளி விட்டு ஓடிக் கதவைத் திறந்தோம்.

தாயார் கயிற்றின் நுனியைப் பிடித்தபடி நின்று கொண்டிருந்தாள். முகம் தெளிவாயிருந்தது. கையில் பாதி ஆய்ந்த முருங்கைக் கீரை.

"என்னம்மா? என்ன செய்கிறது?"

"ஒண்ணுமில்லே தம்பி. வேலை செய்யுதான்னு பார்த்தேன். நீ போய்ப் பாடம் நடத்து."

திரும்பி வந்து உட்கார்ந்தோம். திரையில் ஒரு கை உயர்ந்திருந்தது. முன்பு கோபுரக் கணக்கில் கேள்வி கேட்ட அதே பையன்.

"சார், உங்க வீட்டுக்குள்ள மாட்டு வண்டி வந்துச்சா?"